சர்நேம் காலியான பாஸ்போர்ட்டோடு ஸ்டுட்கார்ட்: பதிவு, வரி, வீடு, கிரைண்டர்

கொங்குத்தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். ப்ளூ கார்டு வேலைக்கான விசா கைக்கு வந்துவிட்டது. நவம்பர் 2 அன்று ஸ்டுட்கார்ட்டில் சேர வேண்டும். முதல் ஆறு வாரத்துக்கு கம்பெனி ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் தருகிறது. மனைவியும் நாலு வயது மகளும் ஜனவரி நடுவில் வருவதாகத் திட்டம். அவர்களுக்கு விசா இனிமேல்தான் போட வேண்டும்.

குழப்பங்கள் இவை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கின்றன. மகளுக்கு என் பெயர் சர்நேமாக இருக்கிறது, மனைவிக்கும் காலி. இதனால் அங்கே சிக்கல் வருமா? போனதும் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம்? பிரைவேட் ஹெல்த் இன்சூரன்ஸ் மலிவு என்று ஒரு ஏஜென்ட் இப்போதே போன் மேல் போன் போடுகிறார், கேட்கலாமா? கடைசியாக, வீட்டு அம்மணியின் கேள்வி: டேபிள் டாப் கிரைண்டர் கொண்டு போகலாமா?

நெக்கார்கரை:

தம்பி, பெயரும் முகவரியும் சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அதனால் அந்த இரண்டைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடியேறிய 14 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட், விசா, படிவம் இவற்றோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியமர்வுச் சான்றும் வேண்டும். அதன் ஜெர்மன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். வாயில் நுழையாவிட்டாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாடகை ஒப்பந்தம் அதற்கு மாற்று ஆகாது. சர்வீஸ் அபார்ட்மென்ட்காரர் இந்தச் சான்றைத் தருவாரா என்று கிளம்பும் முன்பே கம்பெனி எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார் என்றால் அந்த இடம் உங்களுக்கு ஓட்டல் மாதிரிதான். பதிவு தள்ளிப்போகும், அதன் வாலைப் பிடித்து வரி எண், அட்டைகள், அனுமதி எல்லாம் தள்ளிப்போகும். பதிவு அலுவலகச் சந்திப்பு நேரத்தையும் ஊரிலிருந்தே ஆன்லைனில் தேடத் தொடங்கலாம். திருமணச் சான்றையும் அன்றே காட்டிப் பதியச் சொல்லுங்கள், பின்னால் வரிக்கு உதவும்.

இனி பெயர். சர்நேம் காலியாக இருந்தால் பாஸ்போர்ட்டின் கீழே இயந்திரம் படிக்கும் வரியில் முழுப்பெயரும் குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்காரும். ஜெர்மன் அலுவலகங்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றி, மொத்தத்தையும் குடும்பப் பெயராக எழுதி, முதற்பெயர் இடத்தில் ஒரு கோடோ கூட்டல் குறியோ போட்டுவிடும். அதாவது "கதிர்வேல் முருகேசன்" முழுவதும் சர்நேம், முதற்பெயர் இல்லாத ஆள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இதனால் குற்றமில்லை. சிக்கல் எங்கே என்றால், கம்பெனி அதை இரண்டாகப் பிரித்து எழுதும், வங்கி திருப்பிப் போட்டு எழுதும், இன்சூரன்ஸ் இன்னொரு மாதிரி எழுதும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணோடு பெறுபவர் பெயரும் ஒத்துப்போகிறதா என்று வங்கி சரிபார்க்கிறது. பெயர் பொருந்தாவிட்டால் அனுப்புகிறவருக்கு எச்சரிக்கை வரும். ஆகவே வங்கிக் கணக்கில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்து அதே வரிசையில் எச்.ஆருக்கும் கொடுங்கள்.

இப்போது பாஸ்போர்ட்டை மாற்றக் கிளம்பாதீர்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது, நாளும் இல்லை. ஆனால் மனைவிக்கு இன்னும் விசா போடவில்லையே, அவருடையதைப் பெயரும் சர்நேமுமாகப் பிரித்துப் புதிதாக வாங்க நேரமிருந்தால் வாங்கிவிடுங்கள். மகளின் சர்நேம் உங்கள் முதற்பெயராக இருப்பதைப் பார்த்து "இது யார் குழந்தை" என்று கேட்கத்தான் செய்வார்கள். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்று இருந்தால் போதும். அப்போஸ்டில் முத்திரைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததற்கு ஜெர்மனி மறுப்புத் தெரிவித்திருப்பதால், இரு நாட்டுக்கும் இடையே அது செல்லாது. ஆங்கிலச் சான்றுகள் பல இடங்களில் ஓடும், கேட்டால் இங்கே சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, நம் ஆட்கள் எல்லோரும் கோட்டைவிடும் இடம் தபால் பெட்டி. இங்கே பிளாட் எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வரி எண், ஏடிஎம் அட்டை, அதன் PIN எண், இன்சூரன்ஸ் அட்டை எல்லாமே தபாலில்தான் வரும். முதல் நாளே பெட்டியிலும் காலிங் பெல்லிலும் முழுப்பெயரை ஒட்டுங்கள். இரண்டு வரிசையிலும் எழுதினால் இன்னும் நல்லது. பெட்டியில் கை வைக்கக்கூடாது என்று அபார்ட்மென்ட்காரர் சொன்னால், அவர்கள் பெயரை "c/o" போட்டு முகவரியில் சேர்த்து எல்லோருக்கும் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

பெயர் விஷயம் முடிந்தது, நான் காசுக்கு வருகிறேன்.

வரி எண் 11 இலக்கம். பதிவு முடிந்து சுமார் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தபாலில் வரும். அது இல்லாமல் சம்பளம் போட்டால் கம்பெனி ஆறாம் வரி வகுப்பில் பிடிக்க நேரிடலாம். ஆறாம் வகுப்பு என்றால் விலக்கு எதுவும் இல்லாமல் முதல் யூரோவிலிருந்தே பிடிப்பு, சம்பளச் சீட்டைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். எண் வந்த பிறகு அடுத்த சம்பளத்தில் சரிசெய்வார்கள், பணம் போகாது. ஆனால் வீட்டு முன்பணம் கட்டுகிற மாதத்தில் இது நடந்தால் திண்டாட்டம். கையிருப்போடு வாருங்கள்.

மனைவி இந்தியாவில் இருக்கும்வரை நீங்கள் முதல் வகுப்பு. அவர் வந்து பதிந்ததும் இருவரும் நாலாம் வகுப்புக்கு மாறுவீர்கள். அவர் வேலைக்குப் போகாவிட்டால் உங்களுக்கு மூன்று, அவருக்கு ஐந்து என்று மாற்ற விண்ணப்பிக்கலாம், அடுத்த மாதம் முதல் கையில் வருவது கூடும். மூன்று/ஐந்து எடுத்தால் ஆண்டுக் கணக்குத் தாக்கல் கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டும் சலுகைக்கு, அந்த ஆண்டில் ஒரு நாளாவது இருவரும் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். டிசம்பர் 31க்குள் அவர் வந்து பதிந்தாலே அந்த ஆண்டு கணக்கில் சேர்ந்துவிடும். ஜனவரி 2 என்றால் சேராது. எதிர்ப்பக்கம், அந்த ஆண்டு இந்தியாவில் இருவரும் சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லாவிட்டாலும், வரி விகிதத்தை நிர்ணயிக்க அதையும் சேர்த்துக்கொள்வார்கள். மனைவிக்கு ஊரில் நல்ல சம்பளமாக இருந்தால் லாபம் மெலிந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு டிக்கெட் தேதியை முடிவு செய்யுங்கள்.

ஏஜென்ட் போனை எடுக்காதீர்கள். அரசு வழிக் காப்பீட்டில் அடிப்படை 14.6 சதவீதம், மேலே அந்தந்த நிறுவனத்தின் கூடுதல் சதவீதம், பாதி உங்களுடையது, பாதி கம்பெனியுடையது. வேலைக்குப் போகாத மனைவிக்கும் மகளுக்கும் தனியாக ஒரு காசு கிடையாது, ஒரு படிவம் போதும். பிரைவேட்டில் ஆளுக்கு ஒரு பிரீமியம், வயதோடு ஏறும். சம்பள வரம்பைத் தாண்டியவர்கள் மட்டுமே போக முடியும், போனவர் திரும்புவது கஷ்டம், 55 வயதுக்கு மேல் கதவு ஏறக்குறைய மூடிவிடும். குழந்தை உள்ள குடும்பத்துக்கு அரசு வழிதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மகள் வந்ததும் கிண்டர்கெல்ட், அதாவது குழந்தைக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுங்கள். 2026 ஜனவரி முதல் மாதம் 259 யூரோ. தாமதமாகப் போட்டால் ஆறு மாதத்துக்கு மட்டுமே பின்தேதியிட்டுத் தருவார்கள். கிண்டர்கார்டனுக்கு தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டதற்குச் சான்று கட்டாயம், தேதிகள் தெளிவாக உள்ள அட்டையைக் கைப்பையில் வையுங்கள். பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. மோசடி என்று கிழித்துப் போட்டால் அபராதத்தோடு திரும்ப வரும்.

மாவாட்டி:

அம்மணி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, சொல்கிறேன்.

கிரைண்டர் தாராளமாக ஓடும். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மின்மாற்றி எதுவும் வேண்டாம். சிக்கல் பிளக்கில். நம்முடைய மூன்று உருண்டைக் கம்பி பிளக் இங்குள்ள குழிவான ஷுக்கோ சாக்கெட்டில் நுழையாது. விமான நிலையத்தில் விற்கும் இரண்டு கம்பி அடாப்டரில் எர்த் இருக்காது. ஸ்டீல் உடம்புள்ள கிரைண்டரை ஈரக் கையோடு தொடுகிற வேலை என்பதால், எர்த் உள்ள அடாப்டர் பார்த்து வாங்குங்கள். ஷுக்கோவில் எர்த் என்பது குழியின் மேலும் கீழும் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகள். அடாப்டரின் விளிம்பில் அதற்கு நேராக உலோகம் இல்லையென்றால் அது வேலைக்கு ஆகாது. ஓசைக்கும் நேரம் உண்டு: இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி, ஞாயிறு முழுக்கவும். மாவை சனிக்கிழமை பகலிலேயே ஆட்டிவிடுவது உத்தமம்.

அடுப்பு இரண்டு வகை, பார்க்க ஒரே கறுப்புக் கண்ணாடி. செரான் என்றால் தட்டையான அடிப்பாகமுள்ள எதுவும் சூடாகும். இண்டக்‌ஷன் என்றால் காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே. ஊரிலேயே ஒரு காந்தத்தை எடுத்துக் குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள். அலுமினியக் குக்கர், பித்தளை, ஈயச்சொம்பு எதுவும் ஒட்டாது. இருப்புத் தோசைக்கல் நன்றாகவே ஒட்டும், ஆனால் நடுவில் குழிந்த கல் என்றால் ஓரம் வேகாது, கண்ணாடியும் கீறும்.

குளிர்காலத்தில் மாவு புளிக்காது என்பார்கள். ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிடுங்கள், 10–12 மணி நேரத்தில் பொங்கும். ஓவன் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டி வையுங்கள், மறந்துபோய் யாரும் 200 டிகிரி வைத்துவிடாமல் இருக்க.

நெய், பால்கோவா எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதே கதி. பருப்புப் பொடி, ஊறுகாய், அப்பளம் பிரச்சினையில்லை. இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும், மூட்டை கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று ஆவி. இட்லிப் பானை, குக்கர், அறைக்குள் காயும் துணி, மூடிய ஜன்னல், நாலும் சேர்ந்தால் ஒரே குளிர்காலத்தில் ஜன்னல் மூலையில் கறுப்புப் பூஞ்சை வரும். அதைக் காட்டி முன்பணத்தில் பிடிப்பார்கள். ஜன்னலை மேலே சற்றுச் சாய்த்து நாள் முழுக்க வைப்பதால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது. ஹீட்டரை மூடி, எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து 5–10 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள்.

கொங்குத்தம்பி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டிக்கெட்டை டிசம்பர் கடைசிக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறோம். இப்போதே ஒரு வீட்டு விளம்பரம் கண்ணில் பட்டது: 3 அறை, கால்ட் (வெறும் வாடகை) 1150, நேபன்கோஸ்டன் (கூடுதல் செலவுகள்) 250, முன்பணம் 3450. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம்.

நெக்கார்கரை:

அந்த ஆளை உடனே விட்டுவிடுங்கள். வெளிநாட்டு உரிமையாளர், கூரியர் சாவி இரண்டும் சேர்ந்து வந்தாலே ஏமாற்று. வீட்டைக் கண்ணால் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் ஒரு யூரோவும் போகக்கூடாது.

மற்றபடி கணக்கு சரிதான். முன்பணம் மூன்று மாத கால்ட் வாடகைக்கு மேல் கேட்க முடியாது. மூன்று தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு, முதல் 1150 வாடகை தொடங்கும்போது. மின்சாரம் அந்த 250க்குள் பெரும்பாலும் வராது, தனி ஒப்பந்தம். அறை எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்: ஹாலும் ஓர் அறைதான். நம் 2பிஎச்கே என்பது இங்கே மூன்று அறை வீடு. விளம்பரத்தில் "இபிகே" (EBK, பொருத்திய சமையலறை) என்ற மூன்றெழுத்து இல்லையென்றால் சமையலறை என்பது வெறும் சுவர், ஒரு குழாய், அடுப்புக்கான மின் இணைப்பு, அவ்வளவே. சிங்க் கூட இருக்காது. விளக்குகளையும் பழைய குடியிருப்பாளர் கழற்றிப் போயிருப்பார், கூரையிலிருந்து இரண்டு மூன்று ஒயர் தொங்கும். முதல் ராத்திரிக்கு ஒரு மேசை விளக்கு பெட்டியில் இருக்கட்டும்.

சாவி வாங்கும் நாளில் மின்சாரம், தண்ணீர், ஹீட்டர் மீட்டர் எண்களைப் படமெடுத்து, கீறல், கறை எல்லாவற்றையும் ஒப்படைப்புக் குறிப்பில் எழுத வையுங்கள். காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ், அதில் முதல் மாதத்தின் மூன்றாம் வேலை நாளுக்குள் காகிதத்தில் மையால் கையெழுத்திட்டுப் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் செல்லாது.

ஸ்டுட்கார்ட் இருக்கும் சுவாபியாப் பகுதியில் கேர்வோஹே என்று ஒன்று உண்டு. ஒப்பந்தத்திலோ வீட்டு விதியிலோ எழுதியிருந்தால், ஒரு வாரம் நீங்கள் படிக்கட்டு கூட்டித் துடைக்க வேண்டும். உங்கள் கதவுக் கைப்பிடியில் சின்னப் பலகை தொங்கினால் முறை உங்களுடையது. முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள், வாரக் கடைசிக்குள்.

கணக்குப்பிள்ளை:

ஒன்று விட்டுப்போனது, லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் மட்டுமே செல்லும். அதற்குப் பிறகு ஓட்டினால் வெறும் அபராதமில்லை, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இரண்டும் எழுத வேண்டும், கட்டாய வகுப்பு எண்ணிக்கை மட்டும் நமக்கு இல்லை. கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சிச் சான்று, போட்டோ வேண்டும். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் உண்டு. விண்ணப்பம் நகர மாதக்கணக்கில் ஆகும், ஜனவரியிலேயே போடுங்கள். அதுவரை டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பஸ்ஸுக்கான மாதச் சீட்டு), 2026இல் மாதம் 63 யூரோ. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்.