நாளைக்கு முயலை டாக்டர்ட்ட கொண்டு போவணும், சாப்பாடு குடுக்கவா வேண்டாமா?? அவசரம்

நெல்லைத்தங்கம் (இரவு 8.10)
வணக்கம். நாளைக்கு 11 மணிக்கு டாக்டர்ட்ட வரச்சொல்லிருக்காங்க. போன்ல பேசுன ஆளு ராத்திரில இருந்து ஒன்னும் குடுக்காம வெறும் வயித்தோட கொண்டு வாங்கன்னுட்டாரு. எங்கம்மை அதெல்லாம் குடுக்கலாம்ட்டிங்காவ. யாரு சொல்லத கேக்க? தட்ட எடுத்துரவா? சீக்கிரம் சொல்லுங்க, இப்பவே கூண்ட போட்டு பிராண்டிக்கிட்டு கெடக்கு.

காதுநீளம் (8.16)
எத்தன முயல்? என்ன வயசு? ஆபரேஷனா சும்மா செக்கப்பா? எந்த ஊரு? ஒன்னுமே சொல்லாம என்னன்னு பதில் சொல்றது.

கேரட்மாமா (8.19)
காது சொறியாத்தான் இருக்கும். கூண்ட பிராண்டுதுன்னாலே அதான். வேப்பெண்ணெய்ய லேசா சுட வச்சு தடவுங்க, டாக்டரே வேண்டாம்.

காதுநீளம் (8.20)
மாமா அவங்க எங்க காதுன்னு சொன்னாங்க?

கூண்டுக்காரன்_பொள்ளாச்சி (8.27)
இதே கேள்வி இங்க எத்தன தடவ வந்துருச்சுன்னு எண்ணிப்பாருங்க. தேடிப்பாக்கற பழக்கமே யாருக்கும் இல்ல, முயல் வாங்கறதுக்கு மட்டும் முன்னாடி நிக்கறது. நானு கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் ஆராய்ச்சிப் பண்ணைல போயி முயல் வளர்ப்பு பயிற்சி எடுத்துட்டு வந்து 40 கூண்டு வெச்சிருக்கறவன், செக்கப்புன்னு ஒரு முயலையும் தூக்கிட்டு அலைஞ்சதில்லீங்க. தெனமும் புழுக்கையப் பாக்கோணும், அதுதான் செக்கப்பு. உருண்டையா ஒரே அளவுல விழுந்தா முயல் நல்லாருக்குது. சிறுசாப் போனாலோ நின்னு போனாலோதான் ஓடோணும்.

வேப்பேரிவாசி (8.31)
தட்ட எடுக்காதீங்க!! முதல்ல இத படிங்க. நாய் பூனைக்கு மயக்க மருந்து குடுத்தா வாந்தி வந்து மூச்சுக்குழாய்ல போயிரும், அதுக்குத்தான் வெறும் வயிறு. முயலுக்கு வாந்தியே எடுக்க வராது. அதோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், பத்து பன்னெண்டு மணி நேரம் சாப்பிடாம கெடந்தா குடல் நின்னு கேஸ் கட்டி அதுவே உயிருக்கு ஆபத்து. போன் எடுக்கறவங்க பழக்க தோஷத்துல எல்லாருக்கும் அதையே சொல்லிடறாங்க. ஆபரேஷனா இருந்தாக்கூட ராத்திரி முழுக்க பட்டினி போடறதில்ல, வாய்ல புல்லு இல்லாம இருக்கணும்னு கடைசி கொஞ்ச நேரம் மட்டும் எடுப்பாங்க. காலைல திரும்ப போன் போட்டு "முயலுங்க, நாய் இல்ல"ன்னு சொல்லி டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க. போகும்போது கூடைக்குள்ளயும் ஒரு கை புல்லு போடுங்க.

நெல்லைத்தங்கம் (8.44)
அய்யோ சொல்லவே இல்லல்லா. ரெண்டு முயல், வெள்ளை ஒன்னு சாம்பல் ஒன்னு, 4 மாசம், வாங்கி ஒரு மாசம் ஆவுது. சீக்கு ஒன்னும் இல்ல சும்மா செக்கப்புதான், பக்கத்து வீட்டு முயலு திடீர்னு செத்துட்டு அதான் பயந்து கெடக்கு. பாளையங்கோட்டை. ரெண்டும் பொட்டை. தட்ட எடுக்கல.

காதுநீளம் (8.47)
ரெண்டும் பொட்டைன்னு யாரு பாத்தா?

நெல்லைத்தங்கம் (8.48)
கடைக்காரரு சொன்னாரு

காதுநீளம் (8.49)
ம்ம். சரி. நாளைக்கு அதையும் பாக்க சொல்லுங்க.

தேம்ஸ்கரை (8.55)
வாக்சின் கார்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க. இங்க லண்டன்ல மிக்ஸோமடோசிஸ், ரத்தக்கசிவுன்னு முயலைக் கொல்ற ரெண்டு வைரஸ் நோய்க்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு ஊசி.

வேப்பேரிவாசி (8.58)
இங்க அந்த ஊசி வழக்கத்துல இல்லைங்க, அவங்ககிட்ட கார்டும் இருக்காது.

கூண்டுக்காரன்_பொள்ளாச்சி (9.03)
லண்டன் கதை இங்க எதுக்குங்க. அம்மணி, 11 மணிக்குப் போறீங்களே, இது கத்திரி வெயிலுன்னு ஞாபகம் இருக்குதுங்களா? முயலுக்கு வேர்க்காது, சூட்ட காது வழியாத்தான் எறக்கும். 30 டிகிரி தாண்டுனாலே தவிக்கும். பைக்ல அட்டப்பெட்டில வெச்சு கொண்டு போயி எறக்கறப்போ செத்துக் கெடந்தத நானே பாத்திருக்கேன். காலைல வெள்ளன போங்க, முடியாட்டி ஆட்டோவுல போங்க, தண்ணி பாட்டில ஐஸ் ஆக்கி துண்டுல சுத்தி கூடைல ஒரு பக்கமா வெய்ங்க. காதப் புடிச்சு மட்டும் தூக்காதீங்க, சினிமால பாத்துட்டு எல்லாரும் அதத்தான் பண்றாங்க.

வேப்பேரிவாசி (9.10)
அவர் திட்டினாலும் சொன்னது அத்தனையும் சரி. இன்னும் கொஞ்சம். ரெண்டையும் ஒரே கூடைல கொண்டு போங்க, ஒன்னு மட்டும் போயிட்டு வேற வாசனையோட திரும்பி வந்தா இன்னொன்னு கடிக்கும். கீழ துண்டு விரிங்க, மேஜை வழுக்கினா மிரண்டு உதைக்கும், அந்த உதைல முதுகெலும்பே ஒடைஞ்சிரும். நாய்ங்க உக்காந்திருக்கற எடத்துல கூடைய தரைல வைக்காம மடில வச்சு துணி போட்டு மூடிக்கோங்க. அன்னைக்கு காலைல போட்ட புழுக்கைல ஒரு பத்து ஒரு டப்பால எடுத்துட்டுப் போனா காக்சிடியாங்கற குடல் ஒட்டுண்ணி இருக்கான்னு பாத்துரலாம், குட்டி முயலுக்கு அது முக்கியம். முன் பல்ல மட்டும் பாத்துட்டு அனுப்பினா விட்டுடாதீங்க, கடவாப் பல்லு வளந்து நாக்க கிழிக்கும், காது பாக்கற டார்ச்ச வாய்க்குள்ள விட்டு பாக்க சொல்லுங்க. ராமையன்பட்டி கால்நடை காலேஜ் உங்களுக்கு பக்கந்தானே, அங்கயும் கேட்டுப் பாக்கலாம். ரொம்ப முக்கியம், நாய் உண்ணிக்கு அடிக்கற ஃபிப்ரோனில் ஸ்ப்ரேய முயலுக்கு அடிக்க விடாதீங்க, செத்துரும். வாய் வழியா அமாக்ஸிசிலின்ங்கற ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் முயலுக்கு குடுக்கலாமான்னு கேளுங்க, குடல்ல இருக்கற நல்ல கிருமி எல்லாம் போயிரும்.

கேரட்மாமா (9.22)
இவ்வளவு எதுக்கு. தண்ணி வைக்காம இருந்தாலே பாதி நோய் வராது. முயலுக்கு தண்ணியே ஆகாது.

காதுநீளம் (9.23)
ஆரம்பிச்சிட்டாரு

கேரட்மாமா (9.26)
எங்க ஆச்சி வீட்ல பத்து முயல் இருந்துச்சு, ஒரு சொட்டு தண்ணி வச்சதில்ல, எல்லாம் குண்டு குண்டா இருந்துச்சு. தண்ணி குடிச்சா கழிச்சல் வரும்.

கூண்டுக்காரன்_பொள்ளாச்சி (9.34)
உங்க ஆச்சி என்ன போட்டாங்க? அருகம்புல்லு, அகத்தி, முருங்கத்தழை. பச்சத் தழைல முக்காவாசி தண்ணிதானுங்க, அதனால தப்பிச்சுது. இப்ப வாங்கறவங்க காஞ்ச புல்லும் கடைத் தீவனமும் போடறாங்க, அதுக்கு தண்ணி வெக்கலீனா குடல் காஞ்சு நின்னுபோயிரும். கிலோவுக்கு நாளைக்கு 100 மில்லி பக்கம் குடிக்கும், வெயில்ல இன்னும் அதிகம்.

கேரட்மாமா (9.37)
குண்டா இருந்துச்சா இல்லையா, அதுக்கு பதில் சொல்லுங்க

கூண்டுக்காரன்_பொள்ளாச்சி (9.38)
நாம்பாக்கல, எனக்கென்ன தெரியும்

தேம்ஸ்கரை (9.45)
கேரட்மாமா, நீங்க கேரட்டாவது குடுக்கறீங்களா? அதுல சர்க்கரை ஜாஸ்தி, எப்பவாச்சும் ஒரு துண்டு போதும்.

கேரட்மாமா (9.46)
பேருல கூட குத்தம் கண்டுபிடிக்கறீங்க

வேப்பேரிவாசி (9.58)
தண்ணிச் சண்டைய வேற எங்கயாவது வச்சுக்கோங்க. அந்தம்மா நாளைக்கு கெளம்பணும்.

(மறுநாள்)

காதுநீளம் (பகல் 1.15)
போயிட்டு வந்தாச்சா? என்ன சொன்னாங்க?

கேரட்மாமா (2.40)
தண்ணி வச்சு ரெண்டுக்கும் கழிச்சலாயிருக்கும்

நெல்லைத்தங்கம் (இரவு 7.52)
போயிட்டு வந்துட்டோம். காலைல போன் போட்டு டாக்டர்ட்டயே கேட்டேன், அவரே யாரு வெறும் வயித்துல கொண்டாற சொன்னதுன்னு சத்தம் போட்டாரு. 8 மணிக்கே வர சொல்லிட்டாரு. வெயிட்டு 2.1 கிலோ, 1.9 கிலோ. பல்லு, காது நல்லாருக்கு, புழுக்கைய டெஸ்டுக்கு வாங்கிட்டாங்க, நகம் வெட்டியாச்சு, எனக்குத்தான் கையெல்லாம் கீறல். சாம்பல் ஆணாம். வெள்ளைய வயித்த தடவிப் பாத்துட்டு பத்து நாள் கழிச்சு கொண்டாங்கன்னு சொல்லிருக்காரு. இன்னொரு கூண்டு வாங்க போயிட்டிருக்கேன், பொறவு வாரேன்.

காதுநீளம் (7.54)
நேத்தே கேட்டேன்ல

கூண்டுக்காரன்_பொள்ளாச்சி (8.05)
குட்டி போடறதுக்கு பெட்டி ஒன்னு இப்பவே ரெடி பண்ணி வெய்ங்க அம்மணி, செனையா இருந்தா 31 நாள்தான். முடிய பிச்சு பிச்சு போட ஆரம்பிச்சா பயப்படாதீங்க, கூடு கட்டுது.

கேரட்மாமா (8.11)
அப்ப தண்ணி வைக்கறீங்களா இல்லையா, அத சொல்லவே இல்லையே