பெரிய வீட்டுச் சொந்தங்கள் (கொழிஞ்சாம்பாறை)

சாந்தி அக்கா: அப்புச்சி தெவசத்துக்கு நெல்லு எடுக்கலாம்னு பத்தாயத்தைத் தொறந்தேன். மேலாப்புல பூராம் வெளுத்த சின்னப் பூச்சியா பறக்குது. ஞாயித்துக்கிழமை எம்பது பேரு வராங்க, என்னங் பண்றது?

செந்தில்: பூச்சி மாத்திரை ரெண்டு போட்டு மூடி வெய்யுங்க

கோபால் மாமா: மாத்திரை போடாதே சாந்தி. ஒரு நெல்லு மணியைப் பாரு, வட்டமா ஓட்டை இருக்கா?

சாந்தி அக்கா: இருக்குங் மாமா. உள்ள ஒண்ணுமில்ல, வெறுந்தோலு

கோபால் மாமா: அந்துப்பூச்சிதான். வயல்ல கதிர் முத்துறப்பவே முட்டை வெச்சுரும். புழு மணிக்குள்ள பூந்து உள்ளயே தின்னு, அங்கயே கூட்டுப்புழுவாகும். அதுக்கு முன்னாலயே தோலைச் சுரண்டி மெல்லிசா ஒரு மூடி விட்டு வெச்சிருக்கும். பூச்சி அதைத் தள்ளிட்டு வெளிய வரும். அதுவரைக்கும் நெல்லு நல்ல நெல்லாத்தான் தெரியும். 1760கள்ல பிரான்சுல அங்கூமுவா சீமைத் தானியத்தையே இது அழிச்சிருக்கு.

ரேவதி: மாமா ஞாயித்துக்கிழமை பாயசமா ஒப்புட்டா?

பெரியத்தை: பத்தாயம் வேண்டாம்னு பங்கு பிரிச்சன்னிக்குச் சொன்னவங்களும் இதைப் படிக்கட்டும்

செந்தில்: அத்தை அதை இப்ப எதுக்கு

செந்தில்: மில்லுல எல்லாம் மாத்திரைதான போடறாங்க மாமா

கோபால் மாமா: அது ஆள் படுக்காத குடோன் செந்தில். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு, ஈரக்காத்துப் பட்டா பாஸ்பீன்ங்கற விஷ வாயுவாகும். பத்தாயத்துப் பலகை இடுக்குல கசிஞ்சு பக்கத்து ரூமுக்குப் போகும். அங்க உங்க அத்தை தூங்குது. இந்த மாதிரி வீட்டோட போன குடும்பமெல்லாம் உண்டு. என் பேச்சைக் கேளு.

பெரியத்தை: நான் திண்ணையில படுத்துக்கறேன்

கோபால் மாமா: யாரும் எங்கயும் போக வேண்டாம். பூச்சியால குவியலுக்குள்ள ஆழமாப் போக முடியாது, சேதம் அதிகமும் மேலாப்புலதான். மேல ஒரு முழம் நெல்லைத் தனியா அள்ளிக் கோழிக்குப் போடு. அடி நெல்லைப் பொடைச்சு, பதர் நீக்கிப் புழுங்க வெச்சு அரை. ஆவியில உள்ள இருக்கற புழுவும் செத்துரும். மீதியை நல்ல வெயில்ல காயப்போட்டு, பத்தாயத்தைக் கூட்டித் தொடைச்சுட்டுக் கொட்டு.

ரேவதி: புழு செத்த சோறா 🤢

சாந்தி அக்கா: சாமிக்கு வெக்கறது மாமா... கடையில ஒரு மூட்டை வாங்கிரலாமா

பெரியத்தை: எங்கப்பனுக்கு அவரு வயல் நெல்லுதான் வெக்கோணும்

செந்தில்: அப்ப மாத்திரை வேண்டாம். ரெண்டு மூட்டை அள்ளி வெய்யுங்க, நாளைக்கு வந்து மில்லுக்கு எடுத்துட்டுப் போறேன்

சாந்தி அக்கா: காலையிலயா சாயங்காலமா? களத்துக்குத் தார்ப்பாயும் வேணும்

ரேவதி: பாயசம்னே சமையக்காரருகிட்டச் சொல்லிட்டேன்

பெரியத்தை: ஒப்புட்டுதான் எங்கப்பனுக்குப் புடிக்கும்

சாந்தி அக்கா: தார்ப்பாய் யாருகிட்ட இருக்குது?