புதுப்பிப்பு: காஃப்கா 4.0-க்கு மாறிய பிறகு கிளையன்ட் இணைப்பு அறுந்த பிரச்சினை தீர்ந்தது

முன்பு எழுதியது சுருக்கமாக: எங்கள் காஃப்கா கிளஸ்டரை (சேவைகளுக்கிடையே செய்திகளைக் கடத்தும் சர்வர்களின் தொகுப்பு) 3.9 பதிப்பிலிருந்து 4.0-க்கு ஒவ்வொரு புரோக்கராக, அதாவது ஒவ்வொரு சர்வராக, ஏற்றினோம். சில சேவைகள் சிக்கலில்லாமல் ஓடின, சில இணைந்த உடனே துண்டிக்கப்பட்டன. போர்ட் திறந்திருந்தது, சான்றிதழும் சரி, புரோக்கர் தன்னுடையதாக அறிவிக்கும் முகவரியும் சரி.

காரணம் கிடைத்துவிட்டது. 4.0-வில், கிளையன்டும் புரோக்கரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் (புரோட்டோகால்) பழைய பதிப்புகளை நீக்கிவிட்டார்கள். 2.1-க்கு முந்தைய கிளையன்ட் நூலகங்களோடு (காஃப்காவுடன் இணைய சேவைகள் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) புது புரோக்கர் பேசாது. 2.1 வந்ததே 2018-இல். அதற்கும் முந்தைய நூலகம் எங்கள் பழைய சேவைகள் சிலவற்றில் இன்னும் உயிரோடு இருந்தது.

என்னை அதிகம் குழப்பியது, கோளாறு விட்டு விட்டு வந்ததுதான். ஏற்றம் பாதியில் இருந்தபோது, பார்ட்டிஷனின் (தரவின் ஒரு பகுதி) லீடர், அதாவது அதன் கோரிக்கைகளைக் கையாளும் முதன்மைப் பிரதி, பழைய புரோக்கரில் இருந்தால் வேலை நடந்தது. புதியதற்கு மாறியதும் நின்றது. நெட்வொர்க் கோளாறு போலவே தெரியும், ஆனால் அது இல்லை.

நூலகங்களைப் புதுப்பித்து சேவைகளை மறுபடி நிறுவியதும் எல்லாம் இணைந்துவிட்டன.

நீங்கள் இன்னும் 3.7, 3.8 அல்லது 3.9-இல் இருந்தால், ஏற்றும் முன்பே புரோக்கரின் 'டெப்ரிகேட்டட் ரிக்வெஸ்ட்ஸ் பெர் செக்' (DeprecatedRequestsPerSec) என்ற அளவீட்டைப் பாருங்கள். நீக்கப்படவுள்ள கோரிக்கைகள் வருகின்றனவா என்று அது காட்டும். மிகப் பழைய கிளையன்ட்கள் தங்கள் பெயரை அனுப்பாது, அதனால் ஐபி முகவரியை வைத்துத்தான் தேட வேண்டும். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.