மறு: ‘ஈகோசிஸ்டம் சர்வீஸ் ஃப்ளோ’ – ‘பயன்பாய்வு’ எனலாம்

குழுவினருக்கு வணக்கம். ஒரு வட்டாரத்துக் காடும் புல்வெளியும் போன்ற இயற்கைச் சூழலால் கிடைக்கும் நன்மை வேறொரு வட்டாரத்துக்குப் போய்ச் சேர்வதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஈகோசிஸ்டம் சர்வீஸ் ஃப்ளோ’ என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> ‘சூழல்சேவைப் பரிமாற்றம்’ என்று வைத்துக்கொண்டால் போதாதா?

போதாதுங்க ஐயா. பரிமாற்றம் என்றால் கொடுக்கலும் வாங்கலும் இருக்க வேண்டும். நீலகிரியில் பெய்யும் மழையைச் சோலைக்காடும் புல்வெளியும் பிடித்துவைத்து, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. அந்தத் தண்ணீர் பவானியாக இறங்கி, கேரளத்து அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி, பில்லூர் அணையைத் தாண்டி பவானிசாகர் அணைக்கு வருகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் வழியே 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம். பெருந்துறைப் பக்கம் மடை திறந்துவிடுகிறவரிடமிருந்து மலைக்குத் திரும்பிப் போவது எது? ஒன்றுமில்லை. ஒரே திசையில் ஓடுவதைப் பரிமாற்றம் என்று எழுதினால், மலைக்கு நாம் பட்ட கடனே இல்லை என்றாகிவிடும்.

‘சேவை’யும் எனக்கு உவப்பில்லை. காடு நமக்கு ஊழியம் செய்யவில்லை; அது இருப்பதால் நாம் பயன் அடைகிறோம். ஆகவே ‘பயன்பாய்வு’. வெவ்வேறு பகுதிகளுக்கு நடுவே என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வட்டாரங்களிடைப் பயன்பாய்வு’. ‘பாய்ச்சல்’ வேண்டாம்; வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது ஆள் செய்கிற வேலை.

> செய்தித்தாளில் ‘நீர்வரத்து’ என்று தினமும் வருகிறதே, ‘பயன்வரத்து’ ஆகாதா?

நல்ல சொல்தான், அம்மா. ஆனால் அது அணைக்கரையில் நின்று பார்க்கிறவரின் சொல். எவ்வளவு வந்தது என்பது தெரியும், எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும். பெறுகிற இடத்தில் அளக்கும் அளவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து, எங்கே என்பதற்குத் ‘தருநிலம்’, ‘பெறுநிலம்’ என்ற இரண்டையும் முன்வைக்கிறேன். கோவைக்காரர் குடிக்கும் சிறுவாணித் தண்ணீருக்கு அணையும் நீர்ப்பிடிப்புக் காடும் பாலக்காடு மாவட்டத்தில். தருநிலம் கேரளம், பெறுநிலம் கோவை. ‘மேல்பகுதி, கீழ்பகுதி’ என்றால் ஆற்றுக்கு மட்டும்தான் ஒத்துவரும். மலைத்தேனீ பருவம் பார்த்து இடம் மாறுகிறது. போகிற வழியில் தோட்டத்துப் பூக்களிலும் மகரந்தம் சேர்க்கிறது. ஊட்டி உருளைக்கிழங்கு லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. ஆறு, உயிரினம், வண்டி என எது சுமந்தாலும் தருநிலமும் பெறுநிலமும் பொருந்தும்.

சொல் எட்டாத இடங்களும் உண்டு. கோடையில் குளிர்ச்சி தேடி மலையேறுகிறவர்கள் விஷயத்தில் பயன் நகர்வதில்லை, பெறுபவரே நகர்கிறார். நொய்யலில் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணைவரை போய்த் தேங்கியதும் வட்டாரம் விட்டு வட்டாரம் போன ஓட்டம்தான். அதைப் பயன் என்று எழுத மனம் வராது, எழுதவும் கூடாது. இவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைச் சேர்க்கலாமா என்று உடுமலை நண்பர் கேட்டிருந்தார். அங்கே காற்றாலை சுற்றுவது உண்மை. ஆனால் அந்தக் காற்றின் வேகம் கணவாயின் நில அமைப்பால் வருவது. காடோ உயிர்களோ தருவதல்ல. என் கருத்தில் சேர்க்க வேண்டாம்.

கலைச்சொல் தொகுப்பாளருக்கு ஒரு வேண்டுகோள்: பயன்பாய்வு, தருநிலம், பெறுநிலம் மூன்றையும் ஒரே பதிவில் ஏற்றுங்கள். முதல் சொல்லை மட்டும் ஏற்றினால், அட்டப்பாடியும் நீலகிரியின் குந்தாவும் திட்ட அறிக்கைகளில் வெறும் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’யாகவே கிடக்கும். மறுப்பு இருப்பவர்கள் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.