‘ஆய்வகச் சில்லு’ வேண்டாம், ‘சில்லாய்வகம்’ என்போம்

> ‘ஆய்வகச் சில்லு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சில்லு பழகிய சொல்தானே.

வணக்கம் ஐயா.

ஆய்வக வேலைகளை ஒரு சிறு சில்லுக்குள் (chip) செய்துமுடிக்கும் ‘lab-on-a-chip’ கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். சில்லு பழகிய சொல்தான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ‘ஆய்வகச் சில்லு’ என்றதும் ஆய்வகத்தில் பயன்படும் ஏதோ ஒரு சில்லு என்றுதான் தோன்றுகிறது. இங்கே ஆய்வகமே சில்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ்த் தொகையில் பெரும்பாலும் பின்னால் வரும் சொல்லே தலைமை. அதனால் ‘சில்லாய்வகம்’ என்கிறேன்.

செயற்கை மூட்டுத் தொற்றை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று தெரியும். இடுப்பிலோ முழங்காலிலோ பொருத்திய மூட்டில் கிருமிகள் படலம் கட்டி ஒட்டிக்கொள்கின்றன. மூட்டு நீரை ஊசியால் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பெரும்பாலும் சில நாட்களில் தெரிந்துவிடும். கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் போல மெதுவாக வளர்வதற்கு இரண்டு வாரம் வரைகூடப் பொறுக்க வேண்டும். முன்பே ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் ஒன்றுமே வளராமலும் போகலாம். பொருத்திய மூட்டைக் கழற்ற வேண்டியிருக்குமோ என்ற கவலையோடு ஒருவர் வலியில் காத்திருக்கும் காலம் அது.

இதைச் சில மணி நேரமாகக் குறைப்பதுதான் சில்லாய்வகத்தின் நோக்கம். ஆனால் மூட்டு நீர் லேசில் ஓடாது. ஹயலுரோனிக் அமிலம் இருப்பதால் கொழகொழவென்று நூல் இழுக்கும். சில்லில் உள்ள, மில்லிமீட்டரை விடக் குறுகிய தடங்களை அடைத்துவிடும். ஹயலுரோனிடேஸ் நொதி சேர்த்து நீர்க்கச் செய்து, கிருமிகளைப் பிரித்து, உடைத்து, டிஎன்ஏவைப் பெருக்கி, அப்புறம்தான் எந்தக் கிருமி என்று சொல்ல முடியும். ஆய்வக ஊழியர் கைப்படச் செய்யும் வேலை முழுவதையும் அந்தச் சிறு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் துண்டு செய்ய வேண்டும். அதை ‘ஆய்வகம்’ என்று அழைப்பதே நியாயம்.

ஆல்ஃபா டிஃபென்சின் பட்டையையும் இதே பெயரில் சேர்க்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளணுக்கள் சுரக்கும் புரதம் மூட்டு நீரில் இருக்கிறதா என்று அது சுமார் 10 நிமிடத்தில் காட்டும். தொற்று இருக்கலாம் என்று தெரியும், எந்தக் கிருமி என்று தெரியாது. மருந்தைத் தேர்ந்தெடுக்க அது போதாது. ‘சோதனைப் பட்டை’ என்றே இருக்கட்டும்.

சில்லாய்வகச் சோதனைக்கு ‘உடனடி’ என்ற அடைமொழியும் வேண்டாம். நோயாளி நம்பிவிடுவார். ‘விரைவு’ போதும்.

சரி, மூட்டில் கிருமிகள் கட்டும் அந்தப் படலத்துக்கு (biofilm) என்ன சொல்வது? ‘உயிர்ப்படலம்’ புழக்கத்தில் இருந்தாலும், நோயாளிக்கான கையேட்டில் ‘கிருமிப்படலம்’ என்றால் பார்த்ததும் புரியும். நுண்ணுயிரியல் படித்தவர்கள் இதை ஏற்பீர்களா?