நானோ அலுமினியத் தூள்: எடைக் கணக்கு உதைக்கிறது, உதவுங்கள்

வணக்கம். நானோ அலுமினியம் எரியும் விதத்தை ஆராய்கிறேன். துகள் சராசரியாக 80 நானோமீட்டர். தூள் கரிப்பொடிபோல இருக்கும். அலுமினியம் என்றால் புதிதாகப் பார்ப்பவர் நம்புவதில்லை.

துகளைச் சுற்றி 3 நானோமீட்டர் அலுமினா (அலுமினிய ஆக்ஸைடு) ஓடு என்று வைத்துக்கொண்டால், எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் காற்றில் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியபோது எடை 53 சதவீதம்தான் கூடியது. தூய அலுமினியம் முழுவதும் ஆக்ஸைடானால் 89 சதவீதம் கூடும். ஆக, உலோகம் 60 சதவீதம்தான். மீதி எங்கே போயிற்று?

குப்பி இரண்டு மழைக்காலத்தை அலமாரியில் கழித்தது. ஈரம்தான் உலோகத்தைத் தின்றுவிட்டது என்பது என் சந்தேகம். ஓட்டுக்குள் இருக்கும் உலோகக் கரு முழுமையாக எரிந்து முடியாமல் நின்றிருக்கும் என்கிறார் உடன் ஆய்வு செய்பவர். அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை: முதல் எரிதலுக்குப் பிறகும், 660 டிகிரியில் உலோகம் வெப்பத்தை உறிஞ்சி உருகுவதைக் காட்டும் சிறு பள்ளம் வெப்ப ஓட்ட வரைபடத்தில் தெரிகிறது.

வினைபுரியாத ஆர்கான் வாயுவில் சூடாக்கி, அந்தப் பள்ளத்தின் பரப்பிலிருந்து உலோக அளவைக் கணக்கிட்டவர்கள் இருக்கிறீர்களா? துகள் சிறுத்தால் உருகுவெப்பமும் குறையுமே; அதற்கு என்ன திருத்தம் செய்தீர்கள்? தொடக்க எடையை ஈரம் போன பிறகுதான் எடுக்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வரைபடத்தைக் கேட்டால் அனுப்புகிறேன்.