கல்லூரி நூலக டிவிடியை ஊர்க்காரர்களுக்கும் போட்டுக் காட்டலாமா?

வேலந்தாவளம்: வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூலகக் காசில் வாங்கிய தமிழ், மலையாளப் பட டிவிடிகள் நிறைய இருக்கின்றன. மாதம் ஒரு படம் செமினார் ஹாலில் போட ஃபிலிம் கிளப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பக்கத்து வாயனசாலை (ஊர்ப் படிப்பகம்) காரர்களையும் கூப்பிட்டு, டீச்செலவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் வாங்க யோசனை. உறையில் ‘வீட்டில் பார்க்க மட்டும்’ என்று இருப்பதைக் காட்டி பிரின்சிபால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பழைய ரீல்: ஐம்பது பேர் இலவசமாகப் பார்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அமெச்சூர் கிளப்புக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டே.

சித்தூர் வாசகி: அண்ணா, நீங்கள் சொல்கிற விலக்கு நாடகம், இசை போன்றவற்றுக்குத்தான். சினிமா அதில் வராது.

வேலந்தாவளம், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவை அச்செடுத்து பிரின்சிபாலிடம் கொடுங்கள். கல்வி நிறுவனத்தின் செயல்பாடாகப் படம் போட்டு, ஊழியர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர் அல்லது காப்பாளர்கள், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோர் மட்டும் பார்த்தால் அது உரிமை மீறல் ஆகாது. வகுப்புப் பாடமாக இருக்க வேண்டும் என்றுகூட அதில் இல்லை. உறையில் இருக்கும் வரி சட்டம் தந்த விலக்கைப் பறித்துவிடாது என்பது என் கருத்து. இணையத்தில் தேடினால் அமெரிக்கக் கல்லூரி நூலகங்களின் விதிகள்தான் முதலில் வரும், அதைப் படித்துத்தான் பாதிப்பேர் பயப்படுகிறார்கள். அங்கே விலக்கு ஆசிரியர் நேரில் நடத்தும் பாடத்துக்கு மட்டும். கிளப்பில் போடுவதற்குத் தனி உரிமை வாங்க வேண்டும்.

உங்களுக்கு இடிப்பது வாயனசாலைதான். ஊர்க்காரர்கள் வந்தால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். 20 ரூபாயும் வேண்டாம், டிக்கெட் மாதிரி தெரியும்.

வேலந்தாவளம்: நன்றி சேச்சி. ஒரு மாணவனின் ஓடிடி கணக்கில் போட்டால்?

சித்தூர் வாசகி: வேண்டாம். அது சொந்தப் பார்வைக்கென்று அவன் ஒப்புக்கொண்ட கணக்கு. நெட்ஃபிளிக்ஸில் சில ஆவணப்படங்களுக்கு மட்டும் கல்விக்கூடத் திரையிடல் அனுமதி உண்டு, அதுவும் கட்டணம் வாங்காமல்.

பழைய ரீல்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கும் காட்ட வேண்டுமென்றால் பழைய படம் தேடுங்கள். படத்துக்குப் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு; 1964இல் வந்தவை 2024 முடிவோடு விடுபட்டன. பாட்டு, இசைக்குக் கணக்கு வேறு, அதைத் தனியாகப் பாருங்கள். இல்லையென்றால் ஆவணப்பட இயக்குநரிடம் நேரே கேளுங்கள். தேதி, இடம், எத்தனை பேர் என்று எழுதிக் கேட்டால் பலர் தந்துவிடுவார்கள். இனி வாங்கும்போதே பொதுத் திரையிடல் உரிமையோடு என்ன விலை என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

வேலந்தாவளம்: முதல் மாதம் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் என்று முடிவாகிவிட்டது. வாயனசாலைச் செயலாளரின் மகள் இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவர் மட்டும் அப்பா கணக்கில் வந்துவிடுவார்!